யார் வழி

குழந்தையை இனிமேல் தேய்க்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னதும் சுசீலாபாயின் முகம் தொங்கிவிட்டது.

பேத்தி தவழத் தொடங்கிய நாள் முதல் முழங்காலிலும் உள்ளங்கையிலும் கொப்புளம். தோலுக்கு உரம் போதவில்லை என்று தானே முடிவு கட்டி, எண்ணெயும் பயற்றுமாவும் போட்டு அழுத்தி அழுத்திக் குளிப்பாட்டியவள் அவள்தான். கொப்புளம் கூடக்கூடத் தேய்ப்பும் கூடியது. பாசத்துக்கு ஒரு குறைவும் இல்லை.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தோலின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கெரட்டின் என்று ஒரு நார் இருக்கிறது. இரண்டு புரி முறுக்கிச் சேர்ந்துதான் அணுவைத் தாங்கும். இவளுக்கு ஒரு புரி பழுது. உரசினால் அணு கிழிந்து நீர் கோத்துக்கொள்ளும்.

சாலைக் கடைத்தெருவில் கயிறு விற்கும் சுவாமிதாஸுக்கு மகளின் நோய் அந்த நொடியே விளங்கிவிட்டது.

பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. உங்களில் யாருக்காவது வெயில் காலத்தில் பாதம் கொப்புளிக்குமா என்று கேட்டார்.

குழந்தையின் அம்மா அஜிதா, மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

சுசீலாபாய் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். பெண் வீட்டு வழி என்றால் மருமகளைக் களியக்காவிளையில் தாய்வீட்டில் கொண்டு விட்டுவிடுவாளாம். பிள்ளை மட்டும் இங்கே வளருமாம். சொன்னால் செய்கிற மனுஷி.

அஜிதா வாயைத் திறப்பதற்குள் சுவாமிதாஸ் முந்திக்கொண்டான்.

"எனக்க வழிதான் டாக்டரே. சவுதியில நின்னப்ப காலு பொங்கத் தொடங்கினது. அம்மைக்கு அறியாது."

சுசீலாபாய் மகனையே பார்த்தாள். கோபித்துக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. பிறகு பேத்தியின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, உரசாமல், மெல்ல எடுத்தாள்.

அஜிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சுவாமிதாஸின் பாதத்தில் ஒரு கொப்புளத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

கால்களை யாருக்கும் காட்டிவிடாதே என்று கல்யாணத்தன்றே அவளுடைய அம்மா சொல்லியனுப்பியிருந்தாள். அன்றிலிருந்து கோடை தோறும், அவன் தூங்கிய பிறகுதான் அவள் ஊசியைச் சுட்டுத் தன் பாதத்துக் கொப்புளங்களைக் குத்துவாள்.

அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிற புருஷனைக் கொடுத்தாரே என்று, இத்தனை நாளும் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.