ஈரக் கடலை

“இடமில்ல” என்றார் மண்டிக்காரர் உஸ்மான் கனி.

கோதண்டம் வண்டியை விட்டு இறங்கவில்லை. சென்னீர்குப்பத்திலிருந்து இருட்டோடு கிளம்பி, பூந்தமல்லி மண்டி வாசலுக்கு முதல் ஆளாக வந்திருந்தான். வண்டியில் எட்டு மூட்டை, உரித்த வேர்க்கடலை.

“இன்னா பாய், காலங்காத்தால விளையாடறியா? பாதிக் கிடங்கு காலியா கீது. இங்கேர்ந்தே தெரியுது.”

“இன்னிக்கு வேணாம் நைனா. ஊட்டுக்கு எடுத்துகினு போ.”

கோதண்டம் குதித்து இறங்கினான். மாடு ஓட்டும் தார்க்குச்சியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்தான். ஒரு கை அள்ளி உஸ்மான் கனியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“கடிச்சிப் பாரு. போன வருசம் ஈரம்னு சொல்லி பத்து பேருக்கு எதிர்ல என் மூட்டையைத் திருப்பினே. இந்த வருசம் ஒரு சொட்டுத் தண்ணி படல. என் பொண்டாட்டி கட்டை விரலை வந்து பாரு, நகமே இல்ல.”

கடலைத் தோட்டின் மேல் தண்ணீர் தெளித்து வைத்தால் இரண்டே நாளில் உரித்துவிடலாம். காய்ந்ததை உரிக்க இரண்டு வாரம் ஆகும். ஆனால் தண்ணீர் பட்ட பருப்பு பிரான்சுக்குப் போகிற கப்பலில் பூஞ்சை பிடித்துவிடும். உஸ்மான் கனி அதைக் கையாலும் தொடமாட்டார் என்பது சுற்று வட்டாரம் முழுக்கத் தெரியும்.

அவர் ஒரு பருப்பை எடுத்துக் கடித்தார்.

“நல்ல சரக்கு” என்றார். “ஆனா இடமில்ல.”

அதற்குள் பின்னால் இன்னொரு வண்டி வந்து நின்றது. நாகம்மாள் இறங்கினாள். அதே ஊர்தான். குத்தகை நிலத்தில் ஒண்டியாகப் பயிர் வைக்கிறவள். அவளுடைய மூன்று மூட்டைகளுக்கும் அடிப்பக்கம் கறுத்துக் கிடந்தது. எடைபோடுகிற வீராசாமி மூக்கைச் சுளித்தான்.

“அவசரத்துல தண்ணி தெளிச்சிட்டேன் பாய்” என்றாள், கேட்பதற்கு முன்பே.

கோதண்டம் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டான். போன வருஷம் தனக்கு நடந்தது இவளுக்கு நடப்பதை வேடிக்கை பார்க்கலாம் என்று.

உஸ்மான் கனி மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டார். ஒரு பிடி எடுத்து முகர்ந்தார்.

“வீராசாமி, எடை போடு.”

“இதையா? இன்னா விலைக்கு?”

“போன வார விலைதான்.”

கோதண்டம் சக்கரத்தை விட்டு விலகி முன்னால் வந்தான்.

“எனக்கு இல்லாத எடம் அதுக்கு எங்கேர்ந்து வந்திச்சி? வேண்டியவங்களுக்கு ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயமா?”

நாகம்மாள் திரும்பினாள். “யோவ், நாக்கை அடக்கிப் பேசு. உன் சரக்கை வாங்கலைன்னா அதுக்கு நானா ஆளு?”

“நீ சும்மா இரும்மா. கிஸ்தி கேட்டு மணியக்காரன் வந்து நின்னா நான் இன்னாத்தக் குடுக்கறது? சொல்லு பாய்.”

எடை முடிந்ததும் உஸ்மான் கனி பணத்தை எண்ணிக் கொடுத்தார். நாகம்மாள் பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு போகும் வரை தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருநின்றவூர் வரைக்கும் சொல்றேன்” என்றான் கோதண்டம். “இனிமே ஒரு வண்டி உன் வாசல்ல நிக்காது.”

சொன்னபடியே செய்தான். தெருமுனையில் எதிரே வந்த இரண்டு வண்டிகளை நிறுத்தி நடந்ததைச் சொன்னான். இரண்டும் திரும்பிப் போயின. அதன் பிறகுதான் தார்க்குச்சி ஞாபகம் வந்தது.

அவன் திரும்பி வந்தபோது மண்டியின் பின்கட்டில் வீராசாமி நாகம்மாளின் மூட்டைகளைப் பாயில் கொட்டிக்கொண்டிருந்தான். உஸ்மான் கனி குந்தி உட்கார்ந்து கையால் பரப்பிக்கொண்டிருந்தார்.

“இதைக் காய வெச்சித்தான் கப்பல்ல ஏத்தப் போறியா?” என்றான் கோதண்டம்.

வீராசாமி சிரித்தான். “எந்தக் கப்பலு? சனிக்கிழமையே பட்டணம் கடற்கரையில நம்ம சரக்கைக் கப்பல் ஏத்துற கம்பெனி துரைகிட்டேர்ந்து தந்தி வந்துடுச்சி. பிரெஞ்சுக்காரன் நம்ம கடலைக்கு வரி போட்டுட்டானாம். இனிமே வாங்கலை, நிறுத்துன்னுட்டாரு.”

“நம்ம கடலைக்கு மட்டுமா?”

“அவன் ஆளுற ஆப்பிரிக்காவுல விளையறதுக்கு வரி இல்லியாம். நீ சொன்னியே, வேண்டியவங்களுக்கு ஒரு நியாயம். அங்கயும் அதான்.”

கோதண்டம் தார்க்குச்சியை எடுத்தான். போகவில்லை.

“ரெண்டு வண்டியைத் திருப்பி அனுப்பிட்டேன் பாய்.”

“நல்லதாப் போச்சி. அந்த வேலை எனக்கு மிச்சம்.”

“இதை அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“எப்படிச் சொல்றது? அந்தம்மா வண்டி உன் பின்னாலயே வந்துகினு இருந்திச்சி. காதுல விழுந்திருந்தா மூட்டையைத் தூக்கிகினு போயிருக்கும். சும்மா குடுத்தா வாங்குற ஆளா அது?”

“இது எண்ணெய்க்குக்கூடப் பாதி தேறாதே. இதை எதுக்கு வாங்கினே?”

உஸ்மான் கனி ஒரு சொத்தைப் பருப்பைப் பொறுக்கி எறிந்தார்.

“உன்னுது பங்குனி வரைக்கும் தாங்கும் நைனா. அதுக்குள்ள எவனாச்சும் கேப்பான். இது நாளைக்குத் தாங்காது. போன வெள்ளிக்கிழமை சந்தையில, ‘புதன்கிழமை கப்பலு, சீக்கிரம் உரிச்சிகினு வா’ன்னு அந்தம்மாகிட்ட சொன்னது நான்தானே?”