முதல் பேர்

"நீ ஒருத்தியே இருபத்திரண்டு பேரைக் கூட்டிட்டு வந்தியா!"

ஆசிரியருக்குப் போன உயிர் திரும்பியது. ரத்ததான முகாமுக்கு ஆள் சேராவிட்டால் தலைமையாசிரியர் அவரைப் பிழிந்தெடுத்திருப்பார்.

"ஆம்பளைங்க ஆளுக்கொரு சாக்கு சொன்னாங்க, சார். அதான் பொம்பளைங்ககிட்ட போனேன்" என்றாள் மாணவி.

"என்ன சொன்னே?"

"ரத்தம் குடுத்தா அன்னிக்குப் பூரா அடுப்படிப் பக்கமே போக வேண்டாம்னேன். பேனாவைப் பிடுங்கிப் பேர் எழுதினாங்க."

ஆசிரியர் வயிறு குலுங்கச் சிரித்தார். "அந்த வீட்டு ஆம்பளைங்க பாடு திண்டாட்டம்தான்!"

மாணவி பட்டியலை நீட்டினாள். "முதல் பேரைப் பாருங்க."

சிரிப்பு நின்றது.

"அம்மா ரத்தம் குடுத்துட்டு வீட்டுல படுத்தாச்சு, அப்பா. பாத்திரமெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு."

ஆசிரியர் அவசரமாகச் சட்டைக்கையை மடித்தார்.

"முகாம் முடிய இன்னும் நேரமிருக்கா?"