மறு ஆட்டத்துக்கு முன் நண்டுக் கறி

லண்டனின் செவன் கிங்ஸ் பகுதி வீட்டின் சாப்பாட்டு மேசையில் தவநாயகி, அவள் கணவர் ஸ்ரீதரன், கோல்கீப்பர் நிரூபன் ஆகிய மூவரும் இருந்தார்கள்.

ஐரோப்பாவின் தமிழ்க் கால்பந்துக் கழகச் சாம்பியன் லண்டன். வட அமெரிக்காவின் சாம்பியன் டொரன்டோ. இரண்டுக்கும் இடையிலான இறுதிப் போட்டி இரண்டு ஆட்டங்கள். போன மாதம் டொரன்டோவில் நடந்த முதல் ஆட்டத்தில் லண்டன் நான்கு கோல் வாங்கித் தோற்றது. மறு ஆட்டம் இன்று மத்தியானம், லண்டனில்.

"இன்னும் கொஞ்சம் புட்டுப் போடு ராசா. நண்டுக் கறி கிடக்கு," என்றாள் தவநாயகி.

"வயிறு வெடிக்கப்போகுது," என்றான் நிரூபன். கை மட்டும் நிற்கவில்லை.

"பெடியன் பந்துக்குப் பாயவேணுமப்பா, விடும்," என்றார் ஸ்ரீதரன்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ."

மகன் ஆரணன் லண்டன் அணியின் கோல்கீப்பர் சட்டையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தான். "அம்மா, எனக்கு?"

தவநாயகி ஒரு வாழைப்பழத்தை நீட்டினாள். "உனக்கு இது காணும்."

நிரூபனின் கை தட்டிலேயே நின்றது. "சித்தி, அப்ப இந்தக் கறி?"

"போன மாதம் என்ரை அக்கா, அதுதான் கொம்மா, டொரன்டோவில் இவனுக்குத் தீத்தின அதே கறிதான். அண்டைக்கு இவனால் குனிஞ்சு ஒரு பந்து எடுக்க ஏலேல்லை."

வெளியே டொரன்டோ அணியின் வான் ஹோர்ன் அடித்தது. நிரூபன் எழுந்தான். வாசலுக்குப் போகவில்லை. கழிவறைக்குள் ஓடிக் கதவை அடித்துச் சாத்தினான்; உள்ளே பூட்டு விழுந்தது.