ஸ்வீடன் படத்து வசனம்

சசிரேகாவுக்குக் காது போய் ஆறு வருஷமாகிறது. ஒரகடத்தில் பிரஸ் லைனில், தகடு அடிபடும் இரைச்சலிலேயே நின்று வேலை பார்த்தவள். இப்போது பக்கத்தில் குக்கர் விசிலடித்தாலும் திரும்புவதில்லை.

அவள் கணவன் தசரதனுக்கு, அவன் கம்பெனியில் வேலை முடிந்து ஊர் திரும்பிய ஸ்வீடன் இன்ஜினியர் ஒருவர் பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அதில் அவர்கள் நாட்டில் சினிமா பேச ஆரம்பித்த புதிதில் எடுத்த கறுப்பு வெள்ளைச் சிரிப்புப் படம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டான். ஒரு வார்த்தைகூட புரியவில்லை. மீசைக்காரன் ஒருவன் ஏதோ சொன்னான். சமையலறையில் முதுகைக் காட்டி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த சசிரேகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

சத்தத்தைக் குறைத்தான். சிரிப்பு நின்றது. கூட்டினான். மறுபடி சிரித்தாள்.

"ஏ ரேகா!" என்று கத்திப் பார்த்தான். அவள் திரும்பவில்லை.

படத்தின் கடைசியில் மீசைக்காரன் ஒரு பெண்ணின் ஜன்னலடியில் நின்று மெதுவாக ஏதோ சொல்வான். அந்த ஒரு வசனத்தைத் தசரதன் வாரம் முழுக்க கம்பெனி பஸ்ஸில் முணுமுணுத்தே மனப்பாடம் செய்தான்.

அடுத்த ஞாயிறு டிவியைப் போடாமல், அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்று அதைச் சொன்னான்.

நறுக்கிய கை நின்றது. சசிரேகா திரும்பினாள். முகமெல்லாம் வெட்கம்.

"இன்னாய்யா நீ, கல்யாணமாயி இத்தினி வருசம் கழிச்சா இதக் கேப்ப?" என்றாள். "சர்தான் போ. சம்மதம்னே வச்சிக்கோ."

என்ன கேட்டோம் என்று தெரியாமலேயே தசரதன் இன்னொரு முறை கேட்டான்.