பட்டி வீட்டில் ஒரு விசாரணை

“பெட்டை வேண்டாம், பிள்ள. கடுவன் குட்டி இருந்தா எடுத்துக் காட்டு.”

இசக்கிமுத்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தான். லுங்கியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, மேலே எந்த ஆண்பிள்ளையுடையதோ ஒரு பழைய காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெண் கூண்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மூலையில் சாக்கின்மேல் அல்சேஷன் தாய் படுத்திருந்தது. அதன் வயிற்றைக் குட்டிகள் மொய்த்துக் கிடந்தன.

“முதலாளி எங்க?”

“நான்தான்.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. படகு ஜெட்டிச் சாயாக்கடையில் மலையாளத்தில் ‘பட்டி வீடு எது’ என்று கேட்டதும் நாலு பேர் நாய் வளர்க்கிற வீட்டைக் கைகாட்டினார்கள். அங்கே இப்படி ஒரு வேலைக்காரி முதலாளி வேஷம் போடுவாள் என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

“பேரு?” என்றாள் அவள்.

“எதுக்கு?”

“யாருக்குக் கொடுக்கறேன்னு எனக்குத் தெரியணும்.”

“இசக்கிமுத்து. ஹார்பர் ஐலண்டுல கிளியரிங் ஏஜென்சியில ஹெட் கிளார்க். எர்ணாகுளம் பூரா விசாரிச்சுப் பாரு.”

அவள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் பேரைத் திருப்பிக் கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

“குட்டி இப்பக் கிடைக்காது. தாய்ப்பால் மறக்கலை. மூணு வாரம் கழிச்சு வாங்க.”

“மூணு வாரமா? இன்னிக்கே வேணும்.” ஆபீஸில் சூப்பரின்டெண்ட் அல்சேஷன் வைத்திருந்தார். நாளைக்குத் தன் வீட்டிலும் ஒன்று நிற்கும் என்று எல்லாரிடமும் பீற்றிக்கொண்டு வந்திருந்தான் இவன். “போனாப் போகுது, ஞாயித்துக்கிழமை. அன்னிக்கு அம்மாவோட இந்தப் பக்கம் ஒரு ஜோலி இருக்கு. அதுக்கு மேல நிக்க முடியாது.”

“பகல்ல நீங்க ஆபீஸ் போயிட்டா குட்டியை யாரு பாப்பா? அம்மாவா?”

“அம்மாவுக்கு நாய்னாலே அருவருப்பு. சீக்கிரமே வீட்டுக்கு ஒருத்தி வரப்போறா. அவ பாத்துக்குவா.”

“அவளுக்கு நாய் பிடிக்குமா?”

“பிடிக்குமான்னு அவகிட்ட யாரு கேக்கப் போறா?”

“முதல்ல தாயைப் பாருங்க,” என்று ஒதுங்கி நின்றாள்.

“தாய் எதுக்கு? குட்டியைத்தானே கொண்டு போகப் போறேன்?”

“தாய்க்குச் சீக்கு உண்டா, ஆளைக் கண்டா மிரளுமான்னு பாக்காம குட்டி எடுக்கக் கூடாது. தாயைக் காட்டாதவன்கிட்ட வாங்கவே கூடாது.”

“எமர்ஜென்சிதான் முடிஞ்சு போச்சே, பிள்ள. இன்னும் என்ன விசாரணை?” அவன் குனிந்து ஒரு குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கினான். அது வீறிட்டது. தாய் உறுமிக்கொண்டு எழுந்தது. அவன் செருப்புக் காலை ஓங்கினான்.

“விடு, சேட்டா!” குட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கிச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அதன் காதையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, கேட்டே தீருவது என்பதுபோல் கேட்டாள்.

“இதுக்கு முன்னாடி நாய் வளர்த்திருக்கீங்களா?”

“ஒரு பொமரேனியன் இருந்துச்சு. எந்நேரமும் ஊளை. சாக்குல கட்டி, வைப்பின் தீவுக்குப் போற போட்டுல கொண்டுபோய் அக்கரையில விட்டுட்டு வந்தேன்.” பெருமையாகவே சொன்னான். “அதோட சனி ஒழிஞ்சுது.”

“அடிப்பீங்களா?”

“சொன்னதைக் கேட்டா எதுக்கு அடிக்கறேன்? கேக்கலைன்னா பெல்ட்டுதான். நாயானாலும் சரி, யாரானாலும் சரி.”

“இங்கே எடுத்த குட்டி வேண்டாம்னு ஆச்சுன்னா, இங்கேயே திரும்பக் கொண்டுவந்து விடணும். எப்ப வந்தாலும் நான் எடுத்துக்குவேன். தெருவில விட்டதாக் கேள்விப்பட்டேன்னா, உங்க வாசல்லயே வந்து நின்னு நாறடிப்பேன்.”

“கொடுத்த பிறகு உனக்கென்ன பாத்தியதை? என் வீட்டுக்கு வந்துட்டா என் சாமான். கட்டிப் போடுவேன், பட்டினி போடுவேன். வந்து கேட்டுருவியோ?”

“உங்களுக்குக் குட்டி இல்லை. போங்க.”

அவன் முகம் கறுத்தது. ஐலண்டில் லாரிக்காரனெல்லாம் தன்னைக் கண்டால் பீடியை மறைக்கிறான். இங்கே நாய்ப்பீ அள்ளுகிறவள் வாசலைக் காட்டுகிறாள். நாளைக்கு ஆபீஸில் எந்த முகத்தோடு நிற்பது?

“கை நீட்டித் துட்டு வாங்குற பட்டிக்காரிக்கு இம்புட்டுத் திமிரா? பஜார்ல கூடையில வச்சுக் கூவி விக்கிறான். நூறு குட்டி வாங்குவேன்.”

“வாங்குங்க. தாயைக் காட்டச் சொல்லிப் பாருங்க. காட்ட மாட்டான்.”

“உன் அப்பன் வரட்டும், சொல்லிக் கொடுக்கறேன். பொம்பளைப் பிள்ளையை வளர்த்திருக்கிற லட்சணம்!” வெளியே பாய்ந்து, படலை எட்டி உதைத்தான். “இனி இந்த வாசல்ல கால் வச்சேன்னா என் பேரு இசக்கிமுத்து இல்லை!”

அவள் குட்டியைத் தாயிடம் விட்டுவிட்டு நிதானமாக எழுந்து வந்தாள். சாய்ந்த படலை நிமிர்த்தி, கொண்டியை மாட்டினாள்.

“நல்லது. அப்ப ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வர வேண்டாம்னு உங்க அம்மாகிட்டயும் சொல்லிருங்க.”