இரண்டாவது கூடை

"ஏம்பா கேப்டன், பூவை எங்க கொட்டச் சொன்னேன், உங்ககூட வந்த பொண்ணு எங்க கொட்டியிருக்குது?"

ஹெலிகாப்டரின் விசிறி நின்றதுதான் தாமதம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார் பாலகுரு. அம்மன் கோயில் தர்மகர்த்தா. கோயிலை ஒட்டிய உப்பளமும் அவருடையதுதான்.

கேப்டன் ஜெயப்பிரகாஷ் பதறிப்போனார். தனக்காக இல்லை, பின்சீட்டில் காலிக் கூடையோடு உட்கார்ந்திருந்த சத்யப்ரியாவுக்காக.

பெருமுக்கல் கிராமத்துப் பெண். ஹெலிகாப்டர் ஓட்ட லைசென்ஸ் வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது. போன இடத்தில் எல்லாம் ஒரே பாட்டு: "பறந்த அனுபவம் பத்தாதும்மா." வேலை கொடுத்தால்தானே பறக்க முடியும், பறந்தால்தானே அனுபவம் வரும்? கேட்டால் பதில் சொல்ல ஆள் கிடையாது.

ஜெயப்பிரகாஷ்தான் தன் ஹெலிகாப்டர் கம்பெனி முதலாளியிடம் மன்றாடி, கும்பாபிஷேகத்துக்குப் பூ தூவும் வேலையை அவளுக்கு வாங்கித் தந்தார். "பார்ட்டி திருப்தின்னு சொன்னா கோ-பைலட்டா போட்டுக்கறேன். ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்தாலும் வேணாம்" என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். ஓட்டத் தெரிந்தவளைப் பூக் கொட்டச் சொல்கிறோமே என்று ஜெயப்பிரகாஷுக்குக் கூச்சம்தான். அவள் என்னவோ சந்தோஷமாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.

கிளம்புவதற்கு முன் பாலகுரு மைக்கைப் பிடித்து முழங்கினார்.

"அம்மனுக்கு முன்னாடி முதலாளி, தொழிலாளின்னு கிடையாதுங்க. நம்ம உப்பளத்துக்கு இன்னைக்கு சம்பளத்தோட லீவு! மொதல் கூடை அம்மன் கலசத்துக்கு. ரெண்டாவது கூடை என் உப்பளத்து ஜனங்க தலை மேல விழணும்!"

ஊரே கைதட்டியது.

முதல் கூடை பிசகாமல் கலசத்தில் விழுந்தது. இரண்டாவது சுற்றில், உப்பளத்துக்கு மேலே திரும்பும்போதே, "கொஞ்சம் மெதுவா போங்க சார்" என்றாள் சத்யப்ரியா. கோபுரத்தின் மேலும் கரண்ட் கம்பி மேலும் கண்ணாக இருந்த ஜெயப்பிரகாஷ், ஏனென்று கேட்காமல் வேகத்தைக் குறைத்தார். கோயிலுக்கு வந்து சேர்ந்தபோது கூடை காலி.

இப்போது பாலகுரு அவள் பக்கம் திரும்பினார்.

"கோயில் கூட்டத்து மேல விழ வேண்டிய பூ, பாத்தி பூரா சாமந்தியும் ரோஜாவுமா கிடக்குது. உப்புல ஒட்டினதை எவன் பொறுக்கறது? பூக் கொட்டவே சரியா வரலை, இதுல ஹெலிகாப்டர் ஓட்ட ஆசையா? இரு, உங்க முதலாளிக்கே போன் போடறேன்."

கூட்டம் கூடிவிட்டது. ஜெயப்பிரகாஷ் முந்திக்கொண்டார்.

"கடல் காத்துங்க. திடீர்னு தூக்கிட்டுப் போயிடுச்சு."

ஆமாம் என்று தலையாட்டச் சொல்லி அவளுக்குக் கண்ணையும் காட்டினார்.

"காத்து இல்லீங்க. நான்தான் கொட்டினேன்" என்றாள் அவள்.

ஜெயப்பிரகாஷ் தலையில் கைவைத்துக்கொண்டார். கைக்கு வந்த வேலையை வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாளே!

"ரெண்டாவது கூடை உங்க உப்பளத்து ஜனங்க தலை மேல விழணும்னு மைக்ல சொன்னீங்க. மேல போய்ப் பாத்தா, அத்தனை பேரும் வெயில்ல குனிஞ்சு உப்பு வாரிக்கிட்டு இருந்தாங்க. அதான் அங்கயே போட்டுட்டேன். பூ விழுந்ததும் ஒரு அம்மா நிமிர்ந்து, கோயில் பக்கமா திரும்பிக் கும்பிட்டாங்க."

எல்லோரும் பாலகுருவையே பார்த்தார்கள்.

"மழை வரும்னாங்க... உப்பு வேற விளைஞ்சு கிடந்துச்சு..." என்று முனகினார் அவர்.

அந்த நேரம் பார்த்து ஜெயப்பிரகாஷின் போன் அடித்தது. முதலாளி.

"என்னப்பா, பார்ட்டி திருப்தியா?"

"பக்கத்துலதான் இருக்கார், நீங்களே கேளுங்க" என்று ஸ்பீக்கரைப் போட்டு நீட்டினார் ஜெயப்பிரகாஷ்.

பாலகுரு சுற்றி நின்ற ஊரை ஒரு முறை பார்த்தார். மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார்.

"ரொம்பத் திருப்திங்க. சொன்னபடியே என் ஜனங்க தலை மேலதான் விழுந்துச்சு."