யாருடைய கோபம்?

"இது நீ எழுதினது இல்ல!"

தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் ஆங்கிலப் பேராசிரியை ஈவ்லின், மாணவி சினேகாவின் கட்டுரையை மேசைமேல் விசிறியடித்தார்.

"பேர்போன அமெரிக்க நாவல் அது. விமர்சனம் கேட்டா சண்டை போட்டிருக்கே! 'முந்நூறு பக்கமும் வடிச்சுக் கொட்டுற சமையல்காரிக்கு ஒரு பேர் வைக்கக்கூட எழுத்தாளருக்கு மனசு வரலையா?' இவ்ளோ கோபம் உனக்கு ஏது? எந்த ஏ.ஐ. எழுதிக் குடுத்துச்சு?"

"கோபம் எங்கம்மாவோடது மேடம்."

"அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. நான் தமிழ்ல கதை சொல்லச் சொல்லக் கொதிச்சுப் போயிட்டாங்க. அவங்க திட்டினதைத்தான் எழுதினேன்."

"யாருக்குக் காது குத்துறே? நாளைக்கு அவங்களைக் கூட்டிட்டு வா!"

"லீவு கிடைக்காது மேடம். பொழிச்சலூர்ல ஒரு வீட்டுல சமைக்கிறாங்க. ஆறு வருஷமா அங்க எல்லாருக்கும் அவங்க வெறும் 'ஆயம்மா'தான்."

ஈவ்லினின் குரல் சட்டென்று இறங்கியது.

"பொழிச்சலூர்ல... யார் வீடு?"

"உங்க வீடுதான் மேடம்."

ஈவ்லினுக்கு முகம் சுண்டிப்போனது. அந்த அம்மாளின் பெயரைச் சொல்லிச் சமாதானமாக ஏதாவது பேச வாயெடுத்தார். எவ்வளவு யோசித்தும் பெயர் வரவில்லை.

சினேகாவும் சொல்லவில்லை.